பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து எங்கே வைக்கிறீர்கள்?

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்களுக்கும், மாநகரக் காவல் ஆணையர்களுக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மறுபடியும் தேர்தல் வருகிறது, மறுபடியும் ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது. "சார், உங்க துப்பாக்கியை நாளைக்குள்ள கொண்டுவந்து ஒப்படைச்சிடுங்க." ஏன் என்று கேட்டேன். "லைசென்ஸ் வச்சிருக்கிற எல்லாரும் ஒப்படைக்கணும் சார்" என்றார் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர். என் பெயரைத் தனியாக எடுத்து யாராவது பரிசீலித்தார்களா என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அவரிடம் இருக்கவும் முடியாது. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் ஒரு சிறிய ஊரில் மருந்துக்கடை நடத்துகிறவன். வயது 49. காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது பாயில் குப்புறப் படுத்து பாயிண்ட் டூ டூ (.22 அங்குலக் குழல்) ரைபிளில் ஐந்து ரவுண்டு, அதாவது ஐந்து தோட்டா, சுட்டேன். அந்த ஐந்து ரவுண்டு மனதை விட்டுப் போகவே இல்லை. கடை, கல்யாணம், குழந்தை என்று பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ககன் நாரங் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வாங்கியதை டிவியில் பார்த்த வாரத்தில் எங்கள் மாவட்ட ரைபிள் கிளப்புக்குப் போய் உறுப்பினர் படிவம் வாங்கினேன். அன்று தொடங்கி ஞாயிற்றுக்கிழமை காலைகள் எனக்கு ரேஞ்சில்தான். பதக்கம் வாங்கும் ஆள் இல்லை நான். மாவட்டப் போட்டியில் நடுவரிசையில் வருவேன், மாநிலப் போட்டியில் பின்வரிசையில். இந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது மீட்டர் ரைபிள் டார்கெட் அட்டையில் பத்து மதிப்பெண் வளையத்தின் குறுக்களவு 10.4 மி.மீ. சட்டைப் பொத்தான் அளவு. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் அது அரை மி.மீ. புள்ளி, பேனாவால் வைக்கும் முற்றுப்புள்ளிபோல. அதன் நட்டநடுவில் பட்டால் 10.9. அந்தப் புள்ளியில் பட வேண்டுமானால் மூச்சு அடங்க வேண்டும், ஒரு இதயத்துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் விரல் நகர வேண்டும். கோபத்தோடு ரேஞ்சுக்கு வந்தவன் அன்றைக்கு எட்டும் ஏழுமாகச் சுட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். பல நாள் நானே அப்படிப் போயிருக்கிறேன்.

ரேஞ்சில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது சுடுவதை அல்ல. துப்பாக்கியைத் தொட்டதும் அதில் தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள். குழலின் வாய் எப்போதும் டார்கெட் பக்கம். சுடத் தயாராகும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உலோகப் பகுதி) திறந்திருக்கட்டும், தோட்டா உட்காரும் சேம்பரில், அது காலி என்று காட்டும் ஆரஞ்சு நிற சேஃப்டி ஃபிளாக் மாட்டியிருக்கட்டும். எங்கள் கிளப்பில் பத்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள ஒருவர், கையில் ரைபிளோடு, பின்னால் கூப்பிட்டவரிடம் பேசத் திரும்பினார். தோட்டா இல்லை, போல்ட் திறந்திருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நிமிடமே கோச் அவரை வெளியே அனுப்பினார். மூன்று மாதம் ரேஞ்சுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று கமிட்டி முடிவெடுத்தது. அவரும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. பாதுகாப்பு என்ற சொல்லை எங்களுக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உரிமம் எனக்கு 2017-இல் கிடைத்தது. அதைத் தருவதற்கு முன் நீங்கள் என்னை எப்படியெல்லாம் பார்த்தீர்கள் என்பதை நினைவுபடுத்துகிறேன். ஸ்டேஷனில் விசாரணை, வருவாய்த்துறை விசாரணை, அக்கம்பக்கத்தில் விசாரணை. டாக்டரிடம் உடல்நலச் சான்று, மனநலச் சான்று. ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று. கிளப் உறுப்பினர் சான்று. வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுத்தில் உறுதிமொழி. எல்லாம் முடிய பதினான்கு மாதம் ஆனது. என் உரிமத்துக்குத் தேசியத் தரவுத்தளத்தில் ஒரு தனி எண் உண்டு. எத்தனை தோட்டா வாங்கினேன் என்பது புத்தகத்தில் பதிவாகிறது. பதினான்கு மாத அலைச்சலை நான் குறையாகச் சொல்லவில்லை. துப்பாக்கி யார் கைக்குப் போகிறது என்பதை அரசாங்கம் அப்படித்தான் பார்க்க வேண்டும். இன்னும் கடுமையாகப் பார்த்தாலும் வரவேற்பேன். ஆனால் அவ்வளவு பார்த்து முடிவெடுத்தபின், தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே அந்த முடிவை ஓரமாக வைத்துவிட்டு, என்னைக் கொலைவழக்கில் ஜாமீனில் வந்தவரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வரிசை என்று சொன்னது உவமைக்காக இல்லை. 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல், அதே வருடம் டிசம்பரில் ஊரக உள்ளாட்சி, 2021-இல் சட்டமன்றம், 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சி, 2024-இல் மறுபடி நாடாளுமன்றம். ஐந்து வருடத்தில் ஐந்து முறை நான் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். முன்னால் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வருகிறதென்று ஒற்றைக்குழல் வைத்திருக்கும் பெரியவர். பின்னால் பேங்க் காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முன்னாள் ராணுவத்தினர். நாள் சொன்னால் நாளுக்கு முன்னாலேயே வந்து நிற்பவர்கள் இவர்கள்தான். தேர்தல் நேரத்தில் நீங்கள் அஞ்ச வேண்டிய துப்பாக்கி அந்த வரிசைக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. கள்ளத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவன் ஒப்புகைச் சீட்டு வாங்க ஸ்டேஷனுக்கு வருவானா?

2024-இல் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லாத் தேதியும் என் டைரியில் இருக்கின்றன.

மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு. முந்தைய தேர்தல்களில் பக்கத்து நகரத்தில் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் மாத வாடகை கட்டி வைத்திருந்தேன். துடைத்து எண்ணெய் போட்டு அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். இந்த முறை அது செல்லாது, ஸ்டேஷனில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். எழுத்தில் கேட்டேன், தரவில்லை. நான் போட்டிகளில் கலந்துகொள்கிறவன், எனக்கு விலக்கு உண்டே என்றேன். அப்படியென்றால் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள் என்றார்கள். மறுநாளே கடையைப் பாதி நாள் மூடிவிட்டுப் போய்க் கொடுத்தேன். உறுப்பினர் அட்டை, முந்தைய வருடப் போட்டியின் சான்றிதழ், வரப்போகும் மாநிலப் போட்டியின் அறிவிப்பு எல்லாம் இணைத்தேன். மனு எண் ஒன்று கிடைத்தது. பதில் இன்றுவரை வரவில்லை.

மார்ச் 20 காலையில் ரைபிளைக் கொண்டுபோனேன். போல்ட்டைக் கழற்றித் தனியாக வைத்து, குழலுக்குள் எண்ணெய்த் துணி இழுத்து, பூட்டுப்போட்ட கேஸில் வைத்துத்தான் எடுத்துப்போனேன். கேஸ் பெரிதாக இருக்கிறது, இடமில்லை, துப்பாக்கியை மட்டும் கொடுங்கள் என்றார்கள். கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். பின்னறையில் ஏற்கெனவே ஏழெட்டு இரட்டைக்குழல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. ஒரு பழைய மர பெஞ்ச், உடைந்த நாற்காலிகள், வழக்குச் சொத்து மூட்டைகள். ஜன்னலுக்குக் கதவு இருந்தது, கொக்கி இல்லை. என் ரைபிளின் கழுத்தில் சணல் கயிறு கட்டி, அட்டையில் பெயர் எழுதி, அந்த வரிசையில் சாய்த்தார்கள். போல்ட்டையும் அதே கயிற்றில் கட்டினார்கள். அதாவது நான் பிரித்து வைத்திருந்ததை அவர்கள் சேர்த்து வைத்தார்கள்.

அங்கிருந்த ஏட்டையாவைக் குறை சொல்லமாட்டேன். "எங்களுக்கும் கஷ்டம்தான் சார். பூத்து பந்தோபஸ்துக்கு எல்லாரும் போயிட்டா இங்க பாராவுக்கு ஒருத்தர், ரெண்டு பேர்தான்" என்றார் அவரே. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரே கொதித்துக் கிடக்கும் நாளில், இருப்பதிலேயே ஆள் குறைவான கட்டடத்தில், கொக்கி இல்லாத ஜன்னலுக்குப் பக்கத்தில் பத்துத் துப்பாக்கிகள். இதற்குப் பெயர் பாதுகாப்பு ஏற்பாடா?

என் வீட்டில் அது எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடி அறையில் இரும்பு அலமாரி, சுவருக்குள் நான்கு திருகாணி இறக்கி முறுக்கியது. ரைபிள் அதில் காலியாக இருக்கும். அதன் போல்ட் கீழ்வீட்டில் வேறொரு பூட்டில். தோட்டாக்கள் மூன்றாவது இடத்தில், இரும்புப் பெட்டியில், எண்ணிக்கை எழுதிய நோட்டோடு. ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி என் மனைவியிடம். அவருக்குத் தெரியாமல் நானே அதை முழுதாகப் பொருத்த முடியாது. என் மகள் பிறந்து வளர்ந்த வீடு இது. அவளுக்குச் சாவி எங்கே இருக்கிறதென்று இன்றுவரை தெரியாது. பயிற்சியில் பாதிக்கு மேல் தோட்டாவே இல்லாத பயிற்சிதான். சுவரில் ஒரு புள்ளி ஒட்டி, காலி ரைபிளைத் தூக்கி, குறிபார்த்து, ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுவது. இரவில் கடை மூடி வந்தபின் அரை மணி நேரம் அதைச் செய்வேன். ஸ்டேஷனில் ரைபிள் இருந்த அத்தனை நாளும் அதுவும் நின்றுபோனது.

தமிழ்நாட்டில் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 19 அன்று, வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. பெட்டிகள் சீல் வைத்து உள்ளே போய்விட்டன. அதன்பிறகும் பிற மாநிலங்களில் கட்டம் கட்டமாக ஓட்டுப்போட்டு முடிகிறவரை, ஜூன் 4 வாக்கு எண்ணிக்கைவரை, 46 நாள் இங்கே எங்கள் ரைபிள்கள் சணல் கயிற்றில் கிடந்தன. எண்ணிக்கை முடிந்த பிறகாவது உடனே தந்தீர்களா? முடிவு வந்து ஒரு வாரம் முடிந்ததும் உடனே திருப்பித்தர வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். நான் மூன்று முறை போனேன். முதல் தடவை இன்ஸ்பெக்டர் இல்லை. இரண்டாம் தடவை மேலிடத்திலிருந்து கடிதம் வரவில்லை. மூன்றாம் தடவை, ஜூன் 21 அன்று, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். 93 நாள்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ட்ரிகர் பக்கத்து உலோகத்தில் பழுப்பு நிறத்தில் துரு. குழலுக்குள் துணியை இழுத்தால் செம்மண் நிறத்தில் வந்தது. வெயில் காலம், அடைத்த அறை, கடற்கரைப் பக்கத்துக் காற்று. 93 நாள் எண்ணெய் படாத இரும்பு வேறெப்படி இருக்கும்? மரக்கட்டையில் இன்னொரு துப்பாக்கி சாய்ந்து விழுந்த வடு. குறிபார்க்க ரைபிளின் பின்பக்கம் இருக்கும் பின் சைட் ஆட்டம் கண்டிருந்தது. ஒரு க்ளிக் திருப்பினால் அட்டையில் குண்டு படும் இடம் சில மி.மீ. நகரும் கருவி அது. கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ முடிந்தது கதை. அதைச் சரிசெய்யவே என் வருடத் தோட்டாக் கணக்கில் 120 ரவுண்டு செலவானது. மாநிலப் போட்டிக்கு அந்த வருடம் நான் போகவில்லை. ஜூலை 28 அன்று பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதை டிவியில் பார்த்தபோது, மேசைமேல் என் ரைபிளின் பின் சைட் பிரித்துப்போட்டபடி கிடந்தது. அதே பாரிஸுக்கு நம் புதுக்கோட்டை பிரிதிவிராஜ் தொண்டைமான், பறக்கும் தட்டுகளைச் சுடும் ட்ராப் பிரிவில் போயிருந்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் போயிருந்தார். அவர்கள் போட்டோவை அரசுப் பக்கங்களில் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஆனால் ஒரு விளையாட்டு வளர்வது மேலே நிற்கும் நான்கு பேரால் மட்டும் இல்லை. கீழே ஞாயிற்றுக்கிழமைதோறும் ரேஞ்சுக்கு வந்து, சந்தா கட்டி, சின்னப் பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்துக் காட்டுகிற எங்களைப் போன்றவர்களாலும்தான்.

அப்புறம் அந்தப் பெண்ணின் கதை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் எழுதியதற்கே அர்த்தமில்லை.

எங்கள் கிளப்பில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஏர் ரைபிள் சுடுகிறாள். அப்பா மாவு மில் வைத்திருப்பவர். தவணையில் ஒரு ஏர் ரைபிள் வாங்கிக்கொடுத்தார். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தி. 2016 ஆயுத விதிகளின்படி இதற்கு உரிமமே தேவையில்லை. வெடிமருந்து கிடையாது, காற்றழுத்தம்தான். 2024 தேர்தல் அறிவிப்பு வந்த வாரம், மில்லுக்கு இரண்டு காவலர்கள் வந்தார்கள். "உங்க பொண்ணு துப்பாக்கி வச்சிருக்காமே" என்று, மாவு அரைக்க வந்த பத்துப் பேர் முன்னால் கேட்டார்கள். அவர் பயந்துபோய் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். உரிமம் இல்லாத பொருள் என்பதால் ஒப்புகைச் சீட்டும் கொடுக்கவில்லை. உரிமம் தேவையில்லாத பொருளை எந்த உத்தரவின்படி வாங்கினீர்கள் என்று நானும் கிளப் செயலாளரும் போய்க் கேட்டோம். விதிப் புத்தகத்தைக் காட்டினோம். எஸ்.ஐ. பொறுமையாகப் படித்துப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதுங்க, யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்ல" என்றார். நேர்மையான பதில். ரைபிளை அன்றே திருப்பியும் கொடுத்தார். ஆனால் அதற்குள் பத்து நாள் ஆகியிருந்தது, ஊரில் பேச்சு பரவியிருந்தது. பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று சொந்தக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் அவள் ரேஞ்சுக்கு வரவில்லை. பிறகு வந்தாள். வராமலே போன பிள்ளைகளும் உண்டு. அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் படிக்க வேண்டியதைப் படித்தேன். மும்பை உயர்நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, 2009-இல் தேர்தல் ஆணையம் தெளிவாக ஒரு முறை வகுத்துக்கொடுத்திருக்கிறது. மாவட்டந்தோறும் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இருக்கும் ஒரு பரிசீலனைக் குழு. அது உரிமதாரர்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஜாமீனில் வெளியே வந்தவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு கலவரத்தில், அதிலும் தேர்தல் நேரக் கலவரத்தில், சம்பந்தப்பட்டவர்கள் ஆகியோரை முக்கியமாகக் கவனித்து, யாரிடம் வாங்க வேண்டுமோ அவர்களிடம் வாங்க வேண்டும். வாங்கினால் முறையாக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், பத்திரமாக வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பரிசீலனை இல்லாமல் எல்லோரையும் பொத்தாம்பொதுவாக ஒப்படைக்கச் சொல்லக் கூடாது என்று 2024 மார்ச்சில் அலகாபாத் உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தேசிய ரைபிள் சங்கத்தின் உறுப்பினர்களாகப் போட்டியில் கலந்துகொள்கிறவர்களுக்கு விலக்கு என்ற வரி பல மாவட்ட உத்தரவுகளில் அச்சிலேயே இருக்கிறது. ஆக, நான் சலுகை எதுவும் கேட்கவில்லை. இருக்கிற விதியைத்தான் கேட்கிறேன். அந்த உத்தரவு உங்கள் மேசையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருவதற்குள் "எல்லாரும்" என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆயிரக்கணக்கான பூத்துகள், குறைந்த ஆட்கள், எங்காவது ஒரு குண்டு வெடித்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். எல்லாவற்றையும் வாங்கி உள்ளே போட்டுவிட்டால் ஒரு கவலை குறைந்தது என்று தோன்றுவது இயற்கை. பாயிண்ட் டூ டூ ரைபிள் ஏதோ பொம்மை என்றும் நான் வாதாடமாட்டேன். அந்தத் தோட்டா ஒரு மைலுக்கு மேல் போகும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. மனிதரைக் கொல்லும். அதனால்தான் அதை மூன்று இடத்தில் பிரித்து வைக்கிறேன். எங்கள் ஆட்களிலும் ஒழுங்கில்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் இரட்டைக்குழலைப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு. நான் சொன்னேன், கேட்கவில்லை, அவரோடு பேச்சு நின்றுபோனது. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவதைக் குற்றமாக்கி 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் கிளப்பில் அதற்கு ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுகிறவரிடம் தேர்தலுக்கு மட்டும் ஏன் வாங்குகிறீர்கள்? நிரந்தரமாகவே வாங்குங்கள். பூட்டி வைத்திருக்கிறவரையும் ஆணியில் மாட்டியிருக்கிறவரையும் பிரித்துப் பார்க்கும் வேலையைச் செய்யாமல், இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி, நான் கேட்பவற்றை நேராகவே சொல்கிறேன்.

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு அவசரத்தில் செய்ய வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை பரிசீலனைக் குழு கூடி உரிமதாரர் பட்டியலைப் பெயர் பெயராகப் பாருங்கள். ஒப்படைக்கச் சொல்வதாக இருந்தால், அந்த நபருக்கு அவர் பெயரில், காரணத்தோடு, எழுத்தில் சொல்லுங்கள். போனில் சொல்வது உத்தரவு ஆகாது.

கிளப் உறுப்பினர்களாக இருந்து மாவட்ட, மாநிலப் போட்டிகளில் கலந்துகொள்கிறவர்களின் பட்டியலை ஒவ்வொரு வருடமும் கிளப்பிடமிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள். விலக்குக்காக ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேர்தலுக்கும் மனுவோடு அலைய வேண்டியதில்லை. ஒலிம்பிக்குக்குப் போனவர்தான் வீரர் என்று ஸ்டேஷனில் முடிவுசெய்ய விடாதீர்கள்.

உரிமம் தேவைப்படாத ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் எவை என்பதை ஒரே பக்கத்தில், தமிழில், எல்லா ஸ்டேஷனுக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். எங்கள் கிளப்பில் எழுதித்தரவும் தயார். இதற்குப் பணமே செலவாகாது. ஒரு பிள்ளையின் இரண்டு மாதம் மிச்சமாகும்.

ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று குழு முடிவெடுத்தால், பாதுகாப்பு வசதியும் அனுமதியும் உள்ள ரேஞ்ச் ஆயுத அறையிலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ வைக்க அனுமதியுங்கள். ஸ்டேஷனில்தான் என்றால் பூட்டிய கேஸோடு வாங்குங்கள். போல்ட்டைத் தனியாக வையுங்கள். வாங்கும்போதும் தரும்போதும் போட்டோ எடுத்து, எந்த நிலையில் இருக்கிறதென்று ஒப்புகைச் சீட்டில் எழுதுங்கள். சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மாதம் ஒரு முறை உரிமதாரரே வந்து, காவலர் முன்னிலையில் எண்ணெய் போட்டுவிட்டுப் போக அனுமதியுங்கள்.

முடிவு அறிவித்து ஒரு வாரம் முடிந்ததும் உடனே திருப்பித்தர வேண்டும் என்பதை ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தேதி குறித்துச் சொல்லுங்கள். அந்தத் தேதி தாண்டினால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஒரு அதிகாரியின் பதவியையும் போன் எண்ணையும் ஒப்புகைச் சீட்டிலேயே அச்சிடுங்கள். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்தபின் பிற மாநிலங்களுக்காக வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டுமா என்பதைத் தேர்தல் ஆணையத்திடம் நீங்களே எழுதிக் கேளுங்கள். உங்கள் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு என் மனுவுக்கு இல்லை.

கடைசியாக ஒன்று. உரிமம் தரும்போது பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதி வாங்கினீர்கள். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அதை யாரும் வந்து பார்க்கவில்லை. வந்து பாருங்கள். தேர்தல் இல்லாத மாதத்தில், சொல்லாமல் கொள்ளாமல், காவலர் ஒருவரை ஒவ்வொரு உரிமதாரர் வீட்டுக்கும் அனுப்புங்கள். அலமாரி எங்கே, தோட்டா எங்கே, சாவி யாரிடம் என்று கேட்கச் சொல்லுங்கள். சரியாக வைக்காதவர் உரிமத்தை ரத்து செய்யுங்கள். சரியாக வைத்திருப்பவரை அடுத்த தேர்தலில் அவர் பாட்டுக்கு இருக்க விடுங்கள். என் வீட்டுக்கே முதலில் வரலாம். காலை ஒன்பது மணிவரையும் இரவு ஒன்பதரைக்கு மேலும் நான் வீட்டில்தான் இருப்பேன். நடுவில் வந்தால் கடைக்குச் சொல்லி அனுப்புங்கள், பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
மாவட்ட ரைபிள் கிளப் உறுப்பினர் ஒருவர்